பட்டாளத்துப் பேரு

பிப்ரவரி 14

காலைலேர்ந்து ஃபேமிலி குரூப்ல ஒரு பக்கம் ரோஜாப்பூ, ஒரு பக்கம் மெழுகுவர்த்தி. 2019ல புல்வாமால சிஆர்பிஎஃப் பஸ் மேல வெடிமருந்து காரை மோதி 40 பேர் போனது இதே தேதில தான, அதனால வருஷா வருஷம் மாமா ஒரு வீரவணக்கம் ஃபார்வர்ட் போட்டுடுவார். அந்த 40ல ரெண்டு பேர் தமிழ்நாடு, தூத்துக்குடி மாவட்டம் சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் சிவச்சந்திரன். மாமா போட்ட படத்துல ரெண்டு பேருமே இல்ல, யாரோ வெள்ளைக்கார சோல்ஜர் முட்டி போட்டு அழுதுட்டு இருக்கான். "மாமா இது நம்ம ஆர்மியே இல்ல"ன்னு போட்டேன், ஒரு கும்பிடு எமோஜி வந்துச்சு, அவ்ளோதான். நான் மட்டும் என்ன யோக்கியம், போன வருஷம் கொடி படம் ஸ்டேட்டஸ் வெச்சேன், 24 மணி நேரத்துல அதுவா காணாம போச்சு, மறுநாள் பிரியாணி படம்.

பிப்ரவரி 15

ஆயா நேத்து போனை எட்டிப் பாத்துட்டு இருந்திருக்கு போல. இன்னைக்கு வெத்தலை இடிச்சிகினே கேக்குது, "அத்தினி பேருக்கு வெளக்கு வெக்கிறீங்களே, எங்கண்ணனுக்கு எவனாச்சும் வெச்சானா?" ஆயாவோட மூத்த அண்ணன் ரெண்டாம் உலகப்போர்ல, பர்மா சண்டைல போனவர். சேதி வந்தப்ப ஆயாவுக்கு ஆறு வயசு, அவங்கம்மா களத்துமேட்டுல முறத்தோட அப்படியே உக்காந்துட்டாங்களாம், அது மட்டும் தான் ஞாபகம் இருக்கு. போட்டோ கிடையாது, பாடி வரல, ஒரு டிரங்குப்பெட்டி இருந்து அதுவும் துருப்புடிச்சு பழைய இரும்புக்காரன் கிட்ட போயிடுச்சு.

பிப்ரவரி 17

எங்க தேடறதுன்னே மொதல்ல புரியல. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு, இந்த ஊர்லேர்ந்து மொத உலகப்போருக்கு 277 பேர் போனாங்க, 14 பேர் உயிரை விட்டாங்கன்னு. கணக்கு இருக்கு, பேரு ஒண்ணு கூட இல்ல. டெல்லி தேசிய போர் நினைவுச்சின்னம் 2019ல திறந்தப்பவே 25,942 பேரை கிரானைட்ல பொறிச்சிருந்தாங்க, ஆனா அது சுதந்திரத்துக்கு அப்புறம் போனவங்களுக்கு. நம்மாளு வெள்ளைக்காரன் கணக்குல செத்தவர். அப்போ காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் தான், ரெண்டு உலகப்போர்லயும் செத்த 17 லட்சம் பேரை ஆன்லைன்ல போட்டு வெச்சிருக்காங்க.

பிப்ரவரி 19

மூணு ராத்திரியா தேடறேன், கண்ணு எரியுது. பேரை இங்க போடல, அம்மா வேணாம்னாங்க, ஆனா சாமின்னு முடியற பேரு. அந்த சாமிய எஸ்ஏஎம்ஐன்னு ஒருத்தன் எழுதறான், எஸ்டபிள்யூஏஎம்ஐன்னு ஒருத்தன், எஸ்ஏடபிள்யூஎம்ஒய்னு இன்னொருத்தன், நடுவுல ஒரு என் ரெண்டாகுது, ஒரு யு ரெண்டு ஓ ஆகுது. பட்டாளத்துல சேரும்போது எந்த கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அது தான் கல்லுல ஏறிடுச்சு, கல்லுல இருக்கறது தான் இப்போ கம்ப்யூட்டர்லயும்.

பிப்ரவரி 20

கெடச்சுடுச்சு!! பேரை விட்டுட்டு கூடுதல் தகவல்னு இருக்கற கட்டத்துல வட ஆற்காடுன்னு போட்டு 1945 வரைக்கும் பொறுமையா உருட்டினேன். இன்னார் மகன், இந்த ஊர், வட ஆற்காடுன்னு ஒரே ஒரு வரி. அப்பா பேரு சரியா இருக்கு, ஊர் பேரை கடிச்சு துப்பி வெச்சிருக்கான், ஆனா வாய்விட்டு படிச்சா நம்ம ஊர் தான். ரங்கூன் மெமோரியல், டாக்கியான் கல்லறைத்தோட்டம். சமாதி எங்கன்னு தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேர் அங்க தூண்ல இருக்காங்க, பெரும்பாலும் இந்தியப் படை ஆளுங்க. சுதந்திரமான மனுஷங்க எல்லாருக்காகவும் இவங்க செத்தாங்கன்னு அஞ்சு மொழில எழுதியிருக்கு, இங்கிலீஷ், பர்மீஸ், இந்தி, உருது, குர்முகி எழுத்துல பஞ்சாபி. தமிழ் இல்ல. ரொம்ப நேரம் அந்த போட்டோவையே பெருசு பண்ணி பாத்துட்டு இருந்தேன்.

பிப்ரவரி 25

பக்கத்துலயே பேர் போட்ட சான்றிதழ் டவுன்லோட் பண்ணிக்கலாம்னு இருந்துச்சு. ஜெராக்ஸ் கடைல கலர் பிரிண்ட் போட்டேன், கடைக்கார அண்ணன் "யாருப்பா இது"ன்னு கேட்டுட்டு லேமினேஷனுக்கு காசு வாங்கல.

பிப்ரவரி 27, ராத்திரி

இன்னைக்கு மயானக் கொள்ளை. பாலாத்தங்கரைல கூட்டம் தாங்கல, அவங்கவங்க ஆளுங்க சமாதில மாலை போட்டு, சுண்டல் கொழுக்கட்டை வெச்சு படைச்சிட்டு இருந்தாங்க. ஆயா இத்தினி வருஷமா அண்ணனுக்குன்னு சும்மா மண்ணுல தான் ஒரு இலை போடும். இந்த வாட்டி அந்த இலைக்கு முன்னாடி லேமினேஷன் அட்டைய சாச்சி வெச்சோம், பொட்டு நிக்கல, வழுக்கிட்டே இருந்துச்சு.

நான் ஆயா கிட்ட, பேர்ல ஸ்பெல்லிங் தப்பா இருக்கு, மெயில் போட்டா மாத்துவாங்க, டைப் பண்ணி வெச்சிருக்கேன், அனுப்பட்டுமான்னு கேட்டேன். எப்படி இருக்குன்னு படிச்சுக் காட்ட சொல்லுச்சு. எழுத்துக்கூட்டி அவன் எழுதினபடியே படிச்சேன், பாதிலயே சிரிச்சிடுச்சு. "அப்படித்தான்டா தபால்காரர் எங்க வாசல்ல நின்னு கூப்புடுவாரு, மணியார்டர் அந்தப் பேர்ல தான வரும். உட்டுடு."

மெயில் டிராஃப்ட்ல தான் இருக்கு.