டொமைன் காலியாக இருந்தால் மட்டும் போதுமா?

காங்கயத்தில் எங்கள் மரச்செக்கு எண்ணெய்க்கு இணையதளம் தொடங்கலாம் என்று முடிவானதும், பெயர் தேடும் வேலை என்னிடம் வந்தது. தம்பிக்குப் பொறுமை இல்லை. “டாட் காம் காலியாத்தான் இருக்குது, வாங்கிப் போடுக்கா” என்றான். டொமைன், அதாவது இணையதள முகவரி, விற்பவர்கள் அந்த எழுத்துகளை வேறு யாராவது வாங்கிவிட்டார்களா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அது யாருடைய டிரேட்மார்க் என்பது அவர்கள் கவலை இல்லை. பிரச்சினை வந்தால் வாங்கியவர் பாடு.

அதனால் முதலில் திறந்தது இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் தேடல் பக்கம். இலவசம்தான். பொருள்களையும் சேவைகளையும் வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்; அந்த வகுப்பு எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். இங்கேதான் தேங்காய் எண்ணெய் வேடிக்கை காட்டியது: சமையலுக்கு என்றால் 29, தலைக்கு என்றால் 3. ஆன்லைன் விற்பனைக்கு 35. மூன்றிலும் தேடினேன். எழுத்து மாறாமல் தேடினால் ஒன்றும் வராத பெயர், ஒலிப்பை வைத்துத் தேடியதும் 3-ஆம் வகுப்பில் தலை நீட்டியது. கூந்தல் எண்ணெய், பதிவான மார்க். “அது தலைக்கு, நம்முது தாளிக்க” என்றான் தம்பி. நம் ஊரில் ஒரே பாட்டிலை இரண்டுக்கும் எடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? அந்தப் பெயரை விட்டுவிட்டோம்.

ஸ்பெல்லிங்கை மாற்றித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2004-இல் சிஃபி என்ற இணைய நிறுவனத்தின் வழக்கில் எதிர்த்தரப்பு ஓர் எஃப் கூடுதலாகப் போட்டுத்தான் ‘சிஃப்பி’ என்று வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்றது. 1999-இலேயே யாகூவுடன் ‘இந்தியா’ சேர்த்து வைத்தவருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. கோர்ட்டுக்குப் போகாமலும் பெயரைப் பறிக்க வழி இருக்கிறது. டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் விதிமுறைகள் அவை: டாட் காமுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு வகுத்த யுடிஆர்பி; டாட் இன்னுக்கு, அதை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் ஐஎன்டிஆர்பி. பெயர் குழப்பும்படி ஒத்திருக்கிறதா, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை உண்டா, கெட்ட நோக்கம் இருந்ததா என்று பார்ப்பார்கள்.

அடுத்து ‘செக்கு’, ‘நாட்டு’ என்று தொடங்கும் பெயர்கள். சண்டை வராது, ஆனால் பொருளை அப்படியே சொல்லும் சொல்லை நம்முடையது என்று பதிவது கஷ்டம். நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரர் அதையே வைத்தால் கேட்க முடியாது.

கடைசியில் எங்கள் தோட்டத்துப் பெயரே அமைந்தது. எந்த வகுப்பிலும் ஒத்த பெயர் இல்லை. நடுவில் ஒரு ழ வருவதால், இசட்-எச் போட்டும் எல் போட்டும் இரண்டு டொமைன் வாங்கினோம். டிசைன் செய்த பையன் தன் கணக்கிலேயே வாங்கித் தருவதாகச் சொன்னான். நல்ல பையன்தான், ஆனாலும் பதிவு என் பெயரில், என் மெயிலில், என் கணக்கில்தான் என்று சொல்லிவிட்டேன். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் கட்டணத்தையும் கேட்டுக்கொண்டோம். கையோடு டிரேட்மார்க்குக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. சீனாவில் ஒரு கம்பெனி எங்கள் பெயரை டாட் சிஎன்னில் பதியப் போகிறதாம், உடனே பணம் கட்டினால் எங்களுக்கே தருவார்களாம். பயமுறுத்திக் காசு பிடுங்கும் பழைய வித்தை இது. பதில் போடவில்லை.