எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்

மே 4, புதுச்சேரி

'தானே' புயலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். புயலைப் பற்றிய பகுதி சுலபமாக வந்துவிட்டது. 2011 டிசம்பர் 30 காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்பில் ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை. பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. இதெல்லாம் ஊருக்கே நடந்தது, எழுதிவிடலாம். அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை.

மே 7

எழுதிவிட்டேன். தோப்பு வைத்திருந்த நாங்கள் அடுத்தவர் கொட்டகைக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனோம். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, பதமாக ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் பருப்பு நொறுங்கிவிடும், முழுப்பருப்புக்குத்தான் மதிப்பு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைப்போம். அப்படியும் விரலெல்லாம் கறுத்துத் தோல் உரியும். வகுப்பில் பதில் தெரிந்தாலும் நான் கை தூக்கமாட்டேன்.

மே 8

ஆனந்தரங்கப் பிள்ளை இதே ஊரில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவர். அவர் இருந்தவரை அது அச்சேறவில்லை. பெட்டிக்குள் வைக்கத்தான் என்றால் எனக்கும் பயமில்லை. நாலு பேர் படித்தால் என்னோடு சேர்ந்து அப்பா, அம்மா தலையும் உருளுமே!

மே 11

ஊருக்குப் போய் அம்மாவிடம் வாசித்துக் காட்டி, வெளியிடலாமா என்று கேட்டேன். 'வீட்டு விஷயம் ஊருக்கு எதுக்குடி' என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். கடைசிவரை பேசாமல் கேட்டார்.

"உங்கப்பா ஒரு வருஷம் தோப்புப் பக்கமே போகலையே, அதை ஏன் விட்டுட்ட?"

"அப்பா சங்கடப்படுவாருன்னுதாம்மா."

"அதை அவரையே கேளு."

திண்ணையில் இருந்த அப்பாவின் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. "எழுதிக்க. கடன் குடுத்தவன் பேரை மட்டும் போடாத. பாவம், அவனுக்கும் தோப்பு போச்சு" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

மே 13

அப்பாவின் அந்த ஒரு வருடத்தையும் சேர்த்து வெளியிட்டுவிட்டேன். கடன் கொடுத்தவர் பெயர் இல்லை. சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "நானும்தானே பக்கத்துல உக்காந்து உடைச்சேன், என்னை எங்கடி காணோம்?" என்று ஒரே சண்டை. அவள் படிப்பு அந்த வருடம்தான் நின்றது. அதைத் தொடாமல் விட்டிருந்தேன். எழுதச் சொல்கிறாள். சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன், நோட்டோடு.