எங்கிருந்து வந்த கார்பன்?

மார்ச் 4, செவ்வாய்

கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றப் பார்க்கிறேன், வினையூக்கி இரும்பு போர்ஃபிரின். காலை முழுக்க மின்முனை தேய்க்கும் வேலை. ஈரத்துணியில் அலுமினாக் கூழைத் தடவி, கண்ணாடிக் கார்பன் முனையை எட்டு போட்டுத் தேய்த்தேன். முகம் தெரியும்வரை விடக்கூடாது. அப்புறம் இரும்பு போர்ஃபிரினைக் கரைத்தேன். ஊதாப் பொடி, வளையத்தின் நடுவில் ஒரே ஓர் இரும்பு அணு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமுக்கு நெருங்கிய சொந்தம். வினையில் சேராத ஆர்கான் வாயுவில், மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனபோது மின்னோட்டத்தில் மூன்று அலைகள் ஒழுங்காக வந்தன.

மார்ச் 5, புதன்

கார்பன் டை ஆக்சைடைக் குமிழவிட்டு, கொஞ்சம் ஃபீனால் என்ற மென் அமிலம் சேர்த்தேன். மூன்றாவது அலை இருந்த இடத்தில் மின்னோட்டம் பல மடங்கு எகிறியது. கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜனைக் கழற்ற இரண்டு எலக்ட்ரான், இரண்டு புரோட்டான் வேண்டும். எலக்ட்ரானை இரும்பு தரும். புரோட்டானை ஃபீனால் தரும். பாரிஸில் வேதியியலாளர் சவேயானின் குழு 2012-இல் அந்த ஃபீனாலையே போர்ஃபிரினோடு பிணைத்துவிட்டது. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புரோட்டான். எவ்வளவு அழகான யோசனை! 1984-இல் வேதியியலாளர் லேனின் குழு கார்பன் மோனாக்சைடு எடுத்தது ரீனியம் என்ற உலோகத்தை வைத்து. ரீனியம் அரிது. இரும்பு எங்கும் கிடைக்கும். அதனால்தான் இந்த வேலை மேல் எனக்கு இத்தனை ஆசை.

மார்ச் 7, வெள்ளி

மூன்று மணி நேரம் மின்னாற்பகுப்பு. கரைசலில் ஃபார்மேட் தெரிந்ததும் துள்ளிவிட்டேன்; ஃபார்மிக் அமிலத்தின் இந்த வடிவம் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் வரக்கூடியது. பிறகுதான் உறைத்தது: கரைப்பானே டைமீத்தைல் ஃபார்மமைடு. தண்ணீர் பட்டுச் சிதைந்தாலே அதிலிருந்து ஃபார்மிக் அமிலம் வரும். புட்டி திறந்து பல மாதம் ஆகியிருந்தது. மின்சாரமே இல்லாமல், ஆர்கானில், அதே கரைசலைச் சோதித்தேன். கிட்டத்தட்ட அதே அளவு ஃபார்மேட். நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

மார்ச் 10, திங்கள்

புதுக் கரைப்பான். இன்று வெளிவந்த வாயுவை மட்டும் நிறை அளக்கும் கருவியில் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடின் நிறை 28. காற்றில் இருக்கும் நைட்ரஜனுக்கும் 28. ரப்பர் மூடி கொஞ்சம் கசிந்தாலும் குழப்பம்தான். அப்படியே கார்பன் மோனாக்சைடுதான் என்றாலும், அதன் கார்பன் நான் ஊதிய வாயுவிலிருந்து வந்ததா, கரைப்பான் உடைந்து வந்ததா? சரி, சாதாரணக் கார்பனைவிட ஓர் அலகு கனமான கார்பன்-13 போட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்தே ஆக வேண்டும். விலை அதிகம், கையில் இருப்பது ஒரு சின்ன சிலிண்டர்.

மார்ச் 12, புதன்

கார்பன்-13 வாயுவை ஊதி ஓட்டினேன். 28-இல் சின்ன மேடு, அது ஊசியோடு உள்ளே வந்த காற்று. பக்கத்தில், 29-இல், நெட்டென ஒரு சிகரம். கை நடுங்க மறுபடி ஊசி போட்டேன். மறுபடியும் 29.