பி.ஏ. படித்த ஸ்குரூ

பொங்கல் முடிந்து புதுப்பேட்டையில் காயலான் கடைகள் திறக்கும் முதல் நாள், நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிடுவேன். பழைய வேக்குவம் கிளீனர் பாகங்களைத் தேடிப் பிடித்து, எந்த மெஷினுடையது என்று கண்டுபிடிப்பது என் கிறுக்கு. போகிக்கு ஊரே பழசைக் கழிக்கிறது. பாயும் தலையணையும் வாசலிலேயே எரிந்துவிடும். எரியாததெல்லாம் நாலைந்து நாளில் இங்கே வந்து சேரும். இந்த வருஷம் எனக்குக் கிடைத்தது ஒரு அரிசிச் சாக்கு. உள்ளே பழைய வேக்குவம் கிளீனர்களின் துண்டு துணுக்குகள்: அலுமினிய மூடி, கறுத்த கைப்பிடி, ஃபேன் தட்டு, கம்பிச்சுருள் மட்டும் மிஞ்சிய ஹோஸ். அடியில் வேட்டித் துணியில் சுற்றி ஏதோ ஒரு கண்ணாடிச் சாமான்.

"எல்லாம் அலுமினியம்க்கா, அலுமினிய ரேட்டுதான்" என்றார் கடைக்காரர். நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். நாலைந்து துண்டுகளில் அது 'டப் டப்' என்று ஒட்டியதும், "சரி, கலந்து ஒரு ரேட்டு போட்டுக்கலாம்" என்று இறங்கி வந்தார். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிச் சுழலும் ஆர்மேச்சர் ஒன்றுகூட இல்லை. இருக்காது என்று எனக்கும் தெரியும். சாமான் வந்து இறங்கியதும் முதல் சுத்தியல் அதன் தலையில்தான் விழும். உள்ளே செம்பு இருக்கிறதே!

இந்தக் கிறுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அயனாவரத்தில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மிக்ஸி, டேபிள் ஃபேன், எப்போதாவது தண்ணீர் மோட்டார். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குத்தான் வருவேன். வார்னிஷ் வாசனையில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். 1982-ல் ஃபோர்ப்ஸும் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கின பிறகு, யூரோகிளீன் என்ற வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு டை கட்டிய பையன்கள் வீடு வீடாக வர ஆரம்பித்தார்கள். சென்னை வெயிலில் டை! எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். மெத்தையை உறிஞ்சி, வெள்ளைத் துணியில் படிந்த தூசியை விரித்துக் காட்டினார். அம்மா பதறிப்போய், "இத்தனை நாளா இது மேலயா படுத்துக்கிட்டு இருந்தோம்?" என்றாள். அப்பா தூசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இதுல பேரிங் என்ன நம்பர்?" என்று கேட்டார். பாவம், அந்தப் பையன்.

நாங்கள் வாங்கவில்லை. இன்றைக்கும் என் வீட்டைப் பெருக்குவது பூந்துடைப்பம்தான். பால்கனி முழுக்க வேக்குவம் கிளீனர் பாகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு துடைப்பத்தால் பெருக்குகிறாளே என்று என் கணவர் சொல்லாத ஆள் கிடையாது.

நானும் பேரிங்கிலிருந்துதான் தொடங்குவேன். சாக்கைத் தரையில் கொட்டி, பேரிங் உட்காரும் குழிகளை, மில்லிமீட்டரின் துணுக்கையும் அளக்கும் வெர்னியர் காலிப்பரால் அளப்பேன். குழி 22 மி.மீ., அகலம் 7 என்றால் 608-ம் நம்பர் பேரிங் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. 627-க்கும் வெளி அளவு அதே 22, அகலமும் அதே 7. உள்ளே போகும் ஷாஃப்ட், அதாவது மோட்டாரின் அச்சுத் தண்டு, 8 மி.மீ. என்றால் 608, 7 என்றால் 627. ஷாஃப்ட்டோ ஆர்மேச்சரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது ஃபேன் தட்டின் நடு ஓட்டையிலிருந்தோ, பின்பக்க மூடியில் ஷாஃப்ட் தேய்த்த தடத்திலிருந்தோதான் ஊகிக்க வேண்டும். 608 கிடைப்பதில் சிரமமே இல்லை, ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பது அதுதான். சில வருஷம் முன்பு பிள்ளைகள் விரலில் வைத்துச் சுற்றினார்களே, அந்த ஸ்பின்னரிலும் அதேதான். என் பையனுடைய ஸ்பின்னர் ஒன்று தொலைந்துபோய் வீடே இரண்டு நாள் தேடியது. கண்ணா, அதை எடுத்தது அம்மாதான்.

கறுப்புக் கைப்பிடி பேக்லைட்டா (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) வெறும் பிளாஸ்டிக்கா என்று பார்க்க, கட்டை விரலால் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்தால் போதும். பழைய ஆஸ்பத்திரி வராந்தா வாசனை லேசாக வந்தால் பேக்லைட். பழைய வீட்டுக் குமிழ் சுவிட்ச் ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்த வாசனையும் ஞாபகம் இருக்கும். ஒரு தடவை இறுகினால் இறுகினதுதான், சூடு காட்டி இளக்க முடியாது, அழுத்தினால் விரிசல்தான் விடும். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது கீழே வருகிறது.

பெயர்த் தகடு இருந்தால் யோகம். சாக்கில் இருந்த ஒரு தகட்டில் ஹூவர் என்ற வேக்குவம் கிளீனர் கம்பெனியின் பெயரும் 'பெரிவேல்' என்ற ஊரும் இருந்தன. லண்டனுக்கு மேற்கே ஹூவர் கட்டிய அந்த வெள்ளை வெளேர் தொழிற்சாலை திறந்தது 1933-ல். அதற்கு முந்தின மெஷினில் அந்த ஊர்ப் பெயர் வர வழியில்லை. அங்கே உற்பத்தி நின்றதும் 1982-லேயே, இங்கே டை கட்டிய பையன்கள் கிளம்பிய அதே வருஷம்.

அமெரிக்க மெஷினாக இருந்தால் பேட்டன்ட் நம்பர். அந்த ஊரில் பத்து லட்சமாவது பேட்டன்ட் 1911-லும் இருபது லட்சமாவது 1935-லும் கொடுக்கப்பட்டன. தகட்டில் இருக்கும் நம்பர்களில் பெரியது எதுவோ அதைப் பார்க்க வேண்டும், மெஷின் அந்த வருஷத்துக்கு முந்தினதாக இருக்க முடியாது. ஹூவர் மெஷினுக்கு மூலமான வேக்குவம் கிளீனரைச் செய்த ஸ்பேங்லரின் நம்பர் 889,823. 1908. அமெரிக்காவின் ஓஹையோவில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவர், ஆஸ்துமாக்காரர். தூசி தாங்காமல் ஃபேன் மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு மெஷின் செய்தார். ஹூவர் வாங்கியது அந்த உரிமையைத்தான். துடைப்பம் பிடித்த கை செய்தது என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

அந்தப் பாசத்தில்தான் தகட்டில் பேட்டன்ட் நம்பரை மட்டும் படித்துவிட்டு, பக்கத்திலேயே '115 வோல்ட்' என்று இருந்ததைப் படிக்காமல் ஒரு முழு மெஷினை நம் ஊர் 230-ல் சொருகினேன். விமானம் கிளம்புவது மாதிரி ஒரு சத்தம், நீல வெளிச்சம், அப்புறம் பக்கத்து வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார். அன்றிலிருந்து எந்த மெஷினானாலும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது கரன்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி, போட்டுத்தான் தொடுவேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்து மோட்டார் மெல்ல உருண்டால் உயிர் இருக்கிறது. ஃபேன் தட்டைக் கழற்றிவிட்டு நேர் கரன்ட்டில் ஓட்டவே கூடாது. இந்த மோட்டார்களுக்குச் சுமைதான் கடிவாளம், அது இல்லாவிட்டால் வேகம் கண்டபடி ஏறும். இன்னொன்று, 1960-களின் நடுப்பகுதி வரை ஜெர்மன் வயர்களில் சிவப்புதான் எர்த். நம் ஊர் எலக்ட்ரீஷியன் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை ஃபேஸில் கொடுப்பார், பாடி முழுக்க ஷாக் அடிக்கும்.

ஸ்குரூவுக்கு வருகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு இங்கிலாந்து மெஷின் ஒன்றின் பேக்லைட் மூடி கிடைத்தது. கீறல்கூட இல்லை. நாலு ஸ்குரூவில் ஒன்று மட்டும் இல்லை. மற்றதில் ஒன்றைக் கழற்றி, மரை அளக்கும் சீப்பு கேஜை வைத்துப் பார்த்தேன். மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி 0.8 மி.மீ. என்று கச்சிதமாக உட்கார்ந்தது. 0.8 என்றால் 5 எம்.எம். ஸ்குரூ, குழந்தைக்கும் தெரியும். பாரிமுனைப் பக்கம் போன வேலையோடு சம்புதாஸ் தெருவில் நாலு வாங்கி வந்து முடுக்கினேன். முதல் சுற்று ஏறியது. இரண்டாவது சுற்று கொஞ்சம் கனத்தது. பழசு, துரு இருக்கும் என்று ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்'. ஸ்குரூ ஏறும் பித்தளைக் குழலைச் சுற்றி, மூடியின் ஓரம் வரை முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

பழைய ஸ்குரூவை அப்போதுதான் வெர்னியரில் வைத்தேன். 4.7 மி.மீ.

அப்பாவிடம் வேலை பார்த்த அண்ணன் இப்போது ஓட்டேரியில் இருக்கிறார். மூடியை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது 2 பி.ஏ. பாப்பா. அஞ்சு எம்.எம்.மைப் போய் இதுல ஏத்தினியா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஒன்றில் அப்பா கையெழுத்தில் '2 பி.ஏ.' என்று ஒட்டியிருக்கும். யாரோ பி.ஏ. படித்த கஸ்டமர் இரண்டு பேருடைய சாமான் என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணா, எங்கிட்ட அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட? நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு, என் டப்பாவுல இருக்கிற ஸ்குரூ பி.ஏ.ன்னு உங்கப்பா கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்."

பி.ஏ. என்றால் பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற விஞ்ஞானச் சங்கம். தந்திக் கருவி, கடிகாரம் மாதிரி நுணுக்கமான சாமான்களுக்கென்று 1884-ல் அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட மரை அளவு. கணக்கு அழகானது. 0 பி.ஏ.வுக்கு மரை இடைவெளி 1 மி.மீ., அடுத்தடுத்த நம்பருக்கு முந்தினதில் பத்தில் ஒன்பது பங்கு. 1 பி.ஏ. 0.9, 2 பி.ஏ. 0.81. நம் 5 எம்.எம். ஸ்குரூவின் 0.8-க்கும் அதற்கும் நூறில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கேஜ் கண்டுபிடிக்காது. ஆனால் தடிமன் வேறு, மரையின் கோணமும் வேறு: மெட்ரிக்கில் 60 டிகிரி, பி.ஏ.வில் 47.5. ஆகவே இப்போதெல்லாம் இடைவெளியை அளந்த கையோடு தடிமனையும் அளந்துவிடுவேன். 4.7 வந்தால் அந்த பாகம் பிரிட்டன் மெஷினுடையது என்று முக்கால்வாசி நம்பலாம், சரியாக 5 வந்தால் ஐரோப்பா பக்கம் தேட ஆரம்பிப்பேன். கம்பெனி முத்திரை எதுவுமில்லாத அலுமினிய மூடிகளில் பாதியை இப்படித்தான் ஊர் பிரித்து வைத்திருக்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு. அதில் ஒன்று விரிசல் விட்ட அந்த மூடியில் இருக்கிறது.

இனி வேட்டித் துணியில் சுற்றிய கண்ணாடிச் சாமான். உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பாட்டில். மேலே திருகு மூடி, மூடியிலிருந்து ஒரு பக்கம் அகலமான குழல், எதிர்ப்பக்கம் ஊசிமுனை மாதிரி மூக்கு. மூடியிலிருந்து பாட்டிலின் அடிவரை ஒரு மெல்லிய குழாய். அகலக் குழலின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை. அல்லிக்குளம் கடைகளில் காட்டினேன். "டாக்டர் சாமான் மேடம், மூச்சு வாங்குறவங்களுக்கு வைக்கிறது" என்றார் ஒருவர். அண்ணன், "ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊத்துறதா இருக்கும் பாப்பா" என்றார். முத்திரை இல்லை, நம்பர் இல்லை, ஸ்குரூவும் இல்லை. ஆறு மாசம் டி.வி. மேல் இருந்தது.

ஆவணி அவிட்டத்துக்கு வீட்டை ஒழுங்கு பண்ணும்போது என் எலக்ட்ரோலக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படுத்த உருளை, அடியில் பனிச்சறுக்கு வண்டி மாதிரி இரண்டு தண்டு. 1921-ல் வந்த மாடலிலிருந்தே சுவீடன்காரர்கள் பிடித்த பாணி அது. ஹோஸின் கைப்பிடி முனையைத் துடைத்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த பாட்டிலின் அகலக் குழலில் சொருகினேன். சொல்லி வைத்த மாதிரி இறுகிப் பிடித்தது.

ஆனால் உறிஞ்சினால் என்ன பிரயோஜனம்? பாட்டிலில் இருப்பது மெஷினுக்குள் போகும். அப்புறம்தான் புத்தி வந்தது. இந்த மெஷினில் காற்று வெளியே வரும் பின்வாயிலும் ஹோஸைப் பொருத்தலாம். மாற்றிப் பொருத்தி, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மொட்டை மாடிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, சுவிட்சைப் போட்டேன். மூக்கு வழியாக வெறும் காற்று. முதுகு ஓட்டையைக் கட்டை விரலால் மூடினேன். குழாயில் தண்ணீர் ஏறி, மூக்கிலிருந்து பனி மாதிரி பீய்ச்சியது. விரலை எடுத்தால் நின்றது. மூடினால் மறுபடியும் வந்தது. பெயின்ட்டோ பூச்சி மருந்தோ அடிக்கும் ஸ்பிரே! அந்தக் காலத்தில் மெஷினோடு கூடவே வரும் துணைச் சாமான்.

துளசிச் செடிக்கு அடித்தேன், காயப் போட்டிருந்த வடகத்தின் மேல் தெரியாமல் அடித்தேன், கைப்பிடிச் சுவருக்கு அடித்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து மாடிக்கு மாமி வந்துவிட்டார்.

"கார்ப்பரேஷன் மெஷினாம்மா? எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் அடிச்சு விடேன், கொசு பிடுங்கித் தள்ளுது."