லேபில் பிறந்த 3.6

"மிஸ், இழந்த வெப்பம், பெற்ற வெப்பம் ரெண்டும் சமம். கணக்கு முடிஞ்சுது!"

நோட்டை நீட்டினாள் பிளஸ் ஒன் பிள்ளை. வெந்நீர் 100 கிராம், 80 டிகிரி. தண்ணீர் 100 கிராம், 20 டிகிரி. கலந்தால் 50. இடம் மாறிய வெப்பம் சுமார் 12,560 ஜூல்.

(தாளில்தான் 50. ஊட்டிக் குளிரில் எங்கள் தெர்மாமீட்டர் அதற்குள்ளேயே இறங்க ஆரம்பித்துவிடும். "ஜன்னலைச் சாத்துங்கடி" என்பதுதான் எங்கள் பிசிக்ஸ் லேபின் கதிர்வீச்சுத் திருத்தம், அதாவது வெளியே கசியும் வெப்பத்துக்கான சரிக்கட்டல்.)

"முடியல. இப்ப என்ட்ரோபி போடு" என்றேன்.

என்ட்ரோபி என்பது ஆற்றல் எவ்வளவு பரவிச் சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு. நகர்ந்த வெப்பத்தைச் சிறுசிறு பங்காக்கி, ஒவ்வொன்றையும் அந்தந்த நேரத்துக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273 கூட்டியது) வகுத்துக் கூட்ட வேண்டும். வெந்நீர் இழந்த என்ட்ரோபி கெல்வினுக்கு 37.2 ஜூல். தண்ணீர் பெற்றது 40.8.

3.6 அதிகம்!

"எங்க இருந்து மிஸ் வந்துச்சு?"

எங்கிருந்தும் வரவில்லை. கலக்கும்போதே பிறந்தது. அதே வெப்பம்தான், ஆனால் குளிர்ந்த பக்கம் வகுக்கும் எண் சிறியது. அதனால் விடை பெரியது.

ஆற்றலில் ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. ஆனால் கலக்காமல், இரண்டுக்கும் நடுவில் இழப்பே இல்லாத ஒரு எஞ்சினை ஓட்டியிருந்தால் சுமார் 1,170 ஜூல் வேலை கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பு போயே போச்சு. வெப்பத்தை அளக்க நாங்கள் கலக்கும் கலோரிமீட்டர் என்பதே அதைத் தொலைப்பதற்கென்று கட்டிய பாத்திரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

"இதை அளக்க மீட்டர் இருக்கா மிஸ்?"

இல்லை. தெர்மாமீட்டரும் பொறுமையும்தான். அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் ஜியோக் தனிச்சுழி வெப்பநிலைக்கு (கெல்வின் கணக்கில் பூஜ்ஜியம்) பக்கத்தில் போய் இப்படித்தான் அளந்தார். 1949-இல் வேதியியல் நோபல்.

"கெமிஸ்ட்ரிக்கா!" என்று முகம் சுளித்தாள்.