500 புழுக்களும் 20 வீடுகளும்

பினாங்கில் கொசு ஆய்வு செய்யும் மாணவர்கள் தரவுகளோடு என்னிடம் வரும்போது, எத்தனை புழுக்கள் என்று நான் கேட்பதில்லை. எத்தனை வீடுகளில் எடுத்தவை என்றுதான் கேட்பேன். ஒரு புள்ளியியலாளராக நான் விட்டுக்கொடுக்காத கேள்வி அது.

ஜெலுத்தோங், ஆயிர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் முட்டைப் பொறி, அதாவது கொசு முட்டையிடுவதற்கான நீர்ப் பாத்திரம், வைக்கிறார்கள். அதில் கிடைக்கும், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களை டெமிஃபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்து கலந்த நீரில் விட்டு, 24 மணி நேரம் கழித்து ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, செத்துவிட்டதா என்று குறிக்கிறார்கள். வீட்டுக்கு 25 வீதம் 20 வீடுகள் என்றால் 500 புழுக்கள். ஆனால் ஒரு வீட்டுப் புழுக்களில் பல உடன்பிறப்புகள். மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றிடம் இருந்தால் மற்றதிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டுப் புழுக்களுக்கிடையே ஒட்டுறவு, அதாவது அவை ஒன்றுபோல் இருக்கும் அளவு, 0.2 என்று வைத்துக்கொண்டால், வீட்டின் 25 புழுக்களில் ஒன்றைக் கழித்து, 1 + 24 × 0.2 = 5.8. 500ஐ இதனால் வகுத்தால் மிஞ்சுவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏறக்குறைய 86 புழுக்களுக்கான தகவல்தான். இதைக் கணக்கில் கொள்ளாமல் மருந்து பலிக்கிறது, பலிக்கவில்லை என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அந்த முடிவை நம்பித்தான் ஒரு குடியிருப்பில் மருந்து போடுவார்கள்.

வீட்டை விட்டுவிட்டுப் பொறியையே ஒரு கொத்தாக, அதாவது தொடர்புள்ள புழுக்களின் குழுவாக, எடுத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. ஏடிஸ் பெண்கொசு தன் முட்டைகளை ஒரே பாத்திரத்தில் இடாமல் பலவற்றில் பிரித்து இடும். பக்கத்துப் பொறியிலும் அதே தாயின் பிள்ளைகள் இருக்கலாம். அதனால் பொறியை வீட்டுக்குள்ளும், வீட்டை மாடிக்குள்ளும் அடக்கி, ஒவ்வொரு மட்டத்தின் ஒற்றுமையையும் கணக்கில் கொள்ளும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறையையே விரும்புகிறேன். உயிரோடு, துவண்டது, செத்தது என்ற மூன்று நிலைகளின் வரிசையையும் அப்படியே வைத்துக்கொள்வேன். இப்படித் தொடர்புள்ள தரவுகளுக்கென்று புள்ளியியலாளர்கள் லியாங்கும் ஸீகரும் 1986இல் தந்த முறை அழகானதுதான். ஆனால் 20 வீடுகள் அதற்குக் குறைவு, பிழை அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

"வீட்டுக்கு 50 புழுவாக ஆக்கட்டுமா, அக்கா?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி, இன்னும் 20 வீடு பாருங்கள்" என்றேன்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். இரண்டிலும் 1000 புழுக்கள்தான். அதே 20 வீடுகளில் வீட்டுக்கு 50 எடுத்தால் 86 என்பது 93 ஆகும். 40 வீடுகளில் 25 எடுத்தால் 172 ஆகிவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்பவர்களின் வீடுகள் பகலில் பூட்டியிருக்கும் என்று தயங்கினார். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போகும்படி சொல்லி, கள அட்டவணையை இருவருமாக மாற்றி எழுதினோம்.