கார்னேஷன் குடிலில் காய்ப்புழு: கோத்தகிரி நாட்குறிப்பு

பிப்ரவரி 20

கார்னேஷன் பூ வளர்க்கும் பாலித்தீன் குடிலுக்கு வெளியே, பெண் அந்தின் வாசனை காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறது. அதன் பை இன்று காலை கனத்திருந்தது. அவிழ்த்துத் தட்டினால் எல்லாமே ஆண் அந்துப்பூச்சி. வைக்கோல் நிற முன் இறக்கை, நடுவில் சிறுநீரக வடிவில் ஒரு கரும்புள்ளி, வெளிறிய பின் இறக்கையின் ஓரத்தில் அகலமான கரும்பட்டை. காய்ப்புழு, ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. சமவெளியில் பருத்தி, துவரை, தக்காளி என்று ஒன்றையும் விடாத பூச்சி. 180க்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும் அதற்குக் கார்னேஷன் மொட்டு மட்டும் கசக்குமா?

பொறியில் ஆண் விழுந்தால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். என்னைக் கேட்டால், பொறி பூச்சியைக் குறைக்க அல்ல, அது வந்துவிட்டது என்று சொல்ல.

உள்ளே எப்படி வரும் என்று தேட வேண்டியதில்லை. தேயிலைப் பக்கமிருந்து வந்த காட்டெருமை உரசியதில் பக்கவாட்டு வலை ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. தைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 22

பக்க மொட்டு கிள்ளும் அக்காவுக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. “தம்பி, இது மண் இல்லை, வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார். மொட்டின் பச்சைப் புறவிதழில் கடுகைவிடச் சிறியதாக ஒரு பொட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடி தட்டையான உருண்டை, உச்சியிலிருந்து கீழே ஓடும் வரிகள், பாலேட்டு நிறம். அரை மில்லிமீட்டர் இருக்கும். இது கூட்டமாக முட்டையிடுவதில்லை. மொட்டுக்கு ஒன்று, நுனி இலைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டே போகும். ஒரு பெண் அந்து தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல்கூட இடும்.

25 டிகிரி வெப்பத்தில் முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். இங்கே இரவுக் குளிர் அதைத் தள்ளிப்போடும். பகலில் பாலித்தீனுக்கு அடியில் ஏறும் சூடு அந்தத் தாமதத்தில் பாதியை ஈடுகட்டிவிடும். பொரிந்த புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்னும். பிறகு இளம் இலையைச் சுரண்டிக்கொண்டு சற்று அலையும், அப்புறம் மொட்டைத் துளைத்து உள்ளே போய்விடும். போனபின் எந்த மருந்தும் அதைத் தொடாது. முட்டையும் இந்த அலைச்சலும்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

பிப்ரவரி 23

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். கடையில் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, அடித்தால் மறுநாளே கொட்டிவிடும் என்கிறார். அண்ணனிடம் வாதாட முடியாது, தேநீர்தான் கொடுக்க முடியும். 1987இல் ஆந்திரத்துப் பருத்தியில் இதே புழு பைரித்ராய்டு மருந்துகளுக்கு அசையாமல் நின்றது. மருந்தைப் பழகிக்கொள்வதில் இதை மிஞ்ச ஆள் குறைவு.

குடில் கட்டும்போது யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. வலை போட்டு அடைத்தால் அந்து எப்படியாவது நுழைந்துவிடுகிறது. அதன் எதிரிகள் வெளியே நின்றுவிடுகின்றன. திறந்த வயலில் இளம்புழுவுக்குள் முட்டையிடும் கம்போலெடிஸ் குளவி உண்டு, முட்டையைத் தேடித் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சி உண்டு, குருவி உண்டு. இங்கே புழுவுக்கு மழையும் இல்லை, பகையும் இல்லை. பகையை நாம்தான் கொண்டுவந்து விட வேண்டும்.

நீலகிரிக்கு இது புதிதும் அல்ல. முட்டைகோஸின் வைரமுதுகு அந்துப்பூச்சிக்காகத் தைவானிலிருந்து வந்த டையடெக்மா குளவியை 1990களில் இங்கே விட்டார்கள். மலைக் குளிர் பிடித்துப்போய் அது இங்கேயே தங்கிவிட்டது.

பிப்ரவரி 26

கோவையிலிருந்து டிரைக்கோகிரம்மா அட்டை வந்தது. அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் பொடிக் குளவி அது. மேட்டுப்பாளையம் வெயிலில் குளவி வழியிலேயே வெளிவந்துவிடும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அட்டை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. ஒட்டியிருப்பவை எல்லாம் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள், ஒரு சி.சி.க்குச் சுமார் 20,000. உடைத்த கம்பில் அந்த அந்தை வளர்த்து, அதன் முட்டையைப் புறஊதா ஒளியில் கரு வளராமல் செய்து, அதற்குள் குளவியை முட்டையிட வைக்கிறார்கள். ஓர் அந்தைக் கொல்ல இன்னோர் அந்தை வளர்க்கும் ஏற்பாடு. யோசித்தவர் கெட்டிக்காரர்.

மாலையில் துண்டு துண்டாக வெட்டி, இலைகளின் அடிப்பக்கத்தில் பின் அடித்தோம். எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கு வலைக் கம்பிகளின் காலில் கிரீஸ் தடவினோம். எறும்பு வந்துவிட்டால் கொடுத்த காசு அதன் விருந்துக்குத்தான்.

மார்ச் 2

மொட்டுகளில் காய்ப்புழு முட்டைகள் கறுத்திருக்கின்றன. எல்லாக் கறுப்பும் நல்ல கறுப்பு அல்ல. பொரியப்போகும் முட்டையில் புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரியும், மீதி மங்கலாக இருக்கும். குளவி ஏறிய முட்டை முழுவதும் மை தடவியதுபோலப் பளபளக்கும். வடக்குப் பாத்திகளில் பளபளப்பு அதிகம். கதவோரப் பாத்திகளில் குறைவு, அங்கே காலைக் குளிர் வெகுநேரம் நிற்கிறது. அரை மில்லிமீட்டர் குளவிக்குச் சூடு ஏறினால்தான் இறக்கை எழும்பும்.

மலையில் அட்டையை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பது என் கட்சி. சமவெளியில் அதற்குக் கிடைத்த பெயரை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது.

மார்ச் 5

கதவோரத்தில் பொரிந்துவிட்டன. மயிரிழைப் புழுக்கள், கருந்தலை. சாயங்காலம் என்.பி.வி. அடித்தோம். இந்தப் புழுவையே நோயில் விழவைத்து எடுக்கும் வைரஸ் இது. நோயில் செத்த, நன்கு வளர்ந்த ஒரு புழுவிலிருந்து கிடைப்பது ஓர் அலகு, எக்டேருக்கு 250 அலகு என்பது வழக்கமான கணக்கு. வெயிலின் புறஊதாக் கதிர் வைரஸை அழித்துவிடும் என்பதால் பகலில் அடிப்பதில்லை. கரைசலில் கொஞ்சம் வெல்லம் சேர்த்தால் புழு ருசித்துத் தின்னும். குளவிக்கும் தேனீக்கும் பூப் பறிக்கும் கைக்கும் இதனால் ஒன்றும் இல்லை.

அக்கா வெல்லத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, புழுவுக்கு இவ்வளவு உபசாரமா என்றார்.

மார்ச் 6

மூடுபனி. நாளெல்லாம் பூத் தரம் பிரித்தோம். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 12

காலையில் கதவைத் திறந்ததும் தெரிந்தது. செடியின் உச்சியில், தாங்கு வலைக்கு மேலே எட்டிய தண்டுகளில், புழுக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. பின்பக்கக் கால்கள் மட்டும் தண்டைப் பிடித்திருக்கின்றன, உடல் தளர்ந்து வெளிறிப்போயிருக்கிறது. நோய் முற்றிய புழு மேலே ஏறும், அதை ஏற்றுவது வைரஸ். உயரத்தில் செத்துத் தோல் கிழிந்தால் உள்ளே கரைந்த கூழ் கீழ் இலைகளில் சொட்டும், அதைத் தின்கிற புழு அடுத்து ஏறும். ஒன்றைக் குச்சியால் தொட்டேன். பழுப்புத் தண்ணீராக உடைந்தது, நாற்றம் சகிக்கவில்லை. செத்ததை எல்லாம் ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறோம், அரைத்து வடிகட்டி மறுபடி அடிக்கலாம்.

முன்கூட்டியே மொட்டுக்குள் போனவை பிழைத்துவிட்டன. துளை வாயில் ஈர எச்சம் இருக்கும் மொட்டுகளைப் பறித்து வாளியில் போட்டோம். பிளந்து பார்த்தால் ஒரு மொட்டில் ஒரே புழுதான். இரண்டு போனால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். இந்த ஒரு குணத்துக்காக அதைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

மார்ச் 19

வளர்ந்த புழு இறங்கி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. தக்காளி வயல் என்றால் உழுது வெயிலில் புரட்டிவிடலாம். கார்னேஷன் இரண்டு வருடம் நிற்கிற பயிர், ஏர் எங்கே வைப்பது? பாத்தி ஓரத்தையும் நடைபாதையையும் கொத்துக்கரண்டியால் கிளறினோம். தேக்கு நிறத்தில், விரல் நகத்தைவிடச் சற்று நீளமாக, வழவழப்பாகக் கிடந்தன. கையில் எடுத்தால் வால்முனை நெளிகிறது. நல்ல சூட்டில் இரண்டு வாரத்தில் அந்தாகிவிடும். அகப்பட்டதை எல்லாம் சோப்புத் தண்ணீரில் போட்டாயிற்று.

மார்ச் 24

குடிலைச் சுற்றி செண்டுமல்லி நடுவது என்று முடிவு. தக்காளிக்காரர்கள் வரப்பில் நடுவது இதற்காகத்தான், பெண் அந்து முட்டையிட அதன் பூவைத் தேடிப் போகும். பூச்சியை நாமே விருந்துக்கு அழைக்கிறோம் என்று என் தம்பி முறைக்கிறான். வாசலோடு விருந்து முடிந்தால் எனக்குச் சம்மதம். முட்டை விழுந்த பூக்களை நாள்தவறாமல் கிள்ளி எரிக்க வேண்டும், அதைச் செய்யாவிட்டால் அவன் சொல்வது பலித்துவிடும். நாற்றுக்குச் சொல்லியாகிவிட்டது. மே மாத சீசனுக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும், பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு குடிலுக்குள் வராமல் இருந்தால் சரி.